பந்து விழுந்த மூலை

பந்து மேலே இருக்கிறது. கீழே இரண்டு பேர் நிற்கிறார்கள். இரண்டு பேருக்கும் நல்ல கண், நல்ல கை. யார் கையை நீட்டினாலும் பந்து எங்களுடையது.

"நீங்க புடிங்க, மாஸ்டர்."

"இருக்கட்டுங்க தம்பி, நீங்களே புடிங்க."

"அட, உங்க பக்கந்தானுங்க வருது..."

இருவருக்கும் நடுவில் எதிரணிக் கல்லூரிப் பையன் ஒருவன் புகுந்தான். பந்தை நெஞ்சோடு அணைத்துப் பிடித்தான். "தேங்க்ஸுங்ணா" என்று இருவருக்கும் பொதுவாக ஒரு நன்றியைச் சொல்லிவிட்டு, கடைசிக் கோட்டைத் தாண்டி ஓடியே போய்விட்டான். ஆறு புள்ளி அவர்களுக்கு.

நான் பின்னால் நின்று தலையில் கை வைத்துக்கொண்டேன். எத்தனையோ அணிகள் எத்தனையோ காரணங்களால் புள்ளி விட்டிருக்கும். மரியாதையால் விட்ட அணி எங்களுடையதாகத்தான் இருக்கும்.

"விளையாடப் போன இடத்தில் எதற்கு இத்தனை எரிச்சல்?" என்று இந்தத் தொடரின் போன வார அத்தியாயத்தைப் படித்த நண்பர் ஒருவர் கேட்டார். அந்த ஞாயிற்றுக்கிழமையை முழுக்கச் சொல்கிறேன். கேட்டுவிட்டு நீங்களே சொல்லுங்கள்.

கோனுக்குப் பஞ்சமில்லாத ஊர்

ஃபிளாக் ஃபுட்பால் தெரியாதவர்களுக்கு நாலு வரி. முட்டை மாதிரி ஒரு பந்து. ஐந்து பேருக்கு ஐந்து பேர். ஒருவர் பின்னால் நின்று பந்தை எறிவார், அவருடைய ஆட்கள் ஓடிப்போய்ப் பிடிப்பார்கள். ஆளை மோதித் தள்ளக் கூடாது. எல்லோர் இடுப்பிலும் இரண்டு பக்கம் பட்டை தொங்கும்; பந்து வைத்திருப்பவரின் பட்டையைப் பிடுங்கிவிட்டால் ஆட்டம் அந்த இடத்தில் நின்றுவிடும்.

கல்லூரியில் கற்றுக்கொண்ட இதை, அருள்புரம் பக்கம் நான் வேலை பார்க்கும் பனியன் கம்பெனிக்குக் கொண்டுவந்தேன். அங்கே நான் மெர்ச்சண்டைசர். அதாவது துணி வாங்குகிற வெளிநாட்டு பையருக்கும் தையல் லைனுக்கும் நடுவில் நின்று இரண்டு பக்கமும் திட்டு வாங்குகிறவன்.

கம்பெனிக்குப் பின்னால் கன்டெய்னர் லாரி திருப்புகிற செம்மண் திடல் ஒன்று உண்டு. ஞாயிறு காலையில் காலியாக இருக்கும். கட்டிங் ரூம் சாக்பீஸைப் பொடித்துக் கோடு போட்டோம். எல்லைக்குக் காலி நூல் கோன்களை வரிசையாகக் கவிழ்த்து வைத்தோம். ஊர் உலகமெல்லாம் விளையாட்டுக் கடையில் போய்க் கோன் வாங்குகிறார்கள். இங்கே எந்தக் குப்பையைக் கிளறினாலும் கோன்தான்.

பட்டைதான் படுத்தி எடுத்தது. பனியனின் கழுத்துக்கு வைக்கிற ரிப் துணி மிச்சம் கிடந்தது என்று அதை வெட்டித் தொங்கவிட்டோம். நல்ல ரிப். இழுத்தால் ஒரு முழம் நீண்டது. விட்டால் திரும்பிப் போய், ஓடுகிறவன் முதுகில் சப்பென்று அடித்தது. கழன்று மட்டும் வரவில்லை.

"குவாலிட்டிங்க" என்றார் எங்கள் கட்டிங் மாஸ்டர் வேலுச்சாமி, பெருமையாக.

பிறகு நாடாவுக்கு மாறினோம். அதற்கு ஒரு மாதம் ஆனது. எதற்கும் ஒரு மாதம் ஆகும் எங்கள் அணியில்.

மார்க்கர் தாளில் ஐந்து வட்டம்

அணி என்றால் ஐந்தே பேர். வேலுச்சாமி மாஸ்டர்; நாற்பதைத் தாண்டியவர், கொஞ்சம் தொப்பை. கோகுல், முதலாளியின் மகன், புரொடக்‌ஷனைப் பார்த்துக்கொள்கிறவர். ராகேஷ், பீகார்க்காரன், ஃபிளாட்லாக் மெஷின் ஓட்டுகிறவன், எங்களில் காற்று மாதிரி ஓடக்கூடிய ஒரே ஆள்; அண்ணனை 'பையா' என்பான், அக்காவை 'தீதி' என்பான். செக்கிங் பிரிவில் ஜெசிந்தா அக்கா. அப்புறம் நான்.

ஆரம்பத்தில் ஆளுக்கு ஆள் காவல் காத்தோம். எதிரணியில் ஒருவனைப் பிடித்துக்கொண்டு அவன் போகிற இடமெல்லாம் கூடவே ஓடுவது. பத்தொன்பது வயதுக் கல்லூரிப் பிள்ளைகளோடு வேலுச்சாமி மாஸ்டர் ஓடுவதைக் கண்ணால் பார்த்தால்தான் எங்கள் நிலைமை விளங்கும். அவர் கிளம்புவதற்குள் அவருடைய ஆள் போய்ப் பந்தைப் பிடித்துத் திரும்பியும் வந்துவிடுவான்.

அதனால்தான் ஜோன். ஆளைக் காக்க வேண்டாம், இடத்தைக் காத்தால் போதும். மைதானத்தை ஐந்தாகப் பிரித்துக்கொள்வது. முன்னால் மூன்று பேர், பின்னால் இரண்டு பேர். உன் இடத்துக்குள் வருகிறவன் உன் பொறுப்பு. தாண்டிப் போனால் பக்கத்து ஆளுக்குக் குரல் கொடுத்து ஒப்படைத்துவிட்டு, கண்ணைப் பந்தின் மேல் வைத்து உன் இடத்திலேயே நில். இதைவிட எளிதாக யாராவது எதையாவது சொல்ல முடியுமா?

கட்டிங் ரூம் மேஜையில் மார்க்கர் தாளை விரித்தேன். துணியில் எந்தத் துண்டை எங்கே வெட்டுவது என்று வரைந்து வைக்கிற பெரிய பழுப்புத் தாள் அது. அதில் ஐந்து வட்டம் போட்டு, ஒவ்வொன்றுக்குள்ளும் பச்சை மையில் பெயர் எழுதினேன். முன்னால் கோகுல், வேலுச்சாமி, ராகேஷ். பின்னால் இடது பக்கம் ஜெசிந்தா அக்கா. வலது பக்கம் பிரவீன். பிரவீன் நான்தான்.

அரை மணி நேரம் பேசினேன். மூச்சு விடாமல் பேசினேன். முடித்ததும் மாஸ்டர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுக்கொண்டு கேட்டார்:

"இதுல பீஸுக்கும் பீஸுக்கும் நடுவால இத்தன எடம் சும்மா கெடக்குதுங்களே. வேஸ்டேஜ் சாஸ்தியா வருமுங்களே?"

"மாஸ்டர், இது துணி இல்லீங்க."

"அது தெரியுதுங்க. நடுவுல வுழுந்தா யாருதுன்னு கேட்டனுங்க."

"ரெண்டு பேர்ல யாராவது ஒருத்தர் எடுத்துக்கோணுமுங்க. அவ்வளவுதான்!"

அவர் தலையை ஆட்டினார். அந்தத் தலையாட்டலில் சம்மதம் இல்லை, மரியாதைதான் இருந்தது. எனக்கு அப்போது வித்தியாசம் தெரியவில்லை.

நாலாம் டேபிள்

ஜெசிந்தா அக்காவின் ஊர் தூத்துக்குடிப் பக்கம். கல்யாணமாகி இங்கே வந்து பன்னிரண்டு வருஷத்துக்கு மேல் இருக்கும். நாள் முழுக்க நின்றுகொண்டே பனியனைப் புரட்டிப் பார்க்கிற வேலை. ஓட்டை, கறை, தையல் விட்டது என்று எது கண்ணில் பட்டாலும் அந்த இடத்தில் ஒரு சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒட்டுவார். நல்லது ஒரு குவியல். பிரித்துத் திரும்பத் தைத்தால் தேறும் என்றால் 'ஆல்டர்' குவியல். தேறாதது 'ரிஜெக்ட்'.

நின்று நின்று இடது முட்டி போய்விட்டது. வேகமாக ஓட முடியாது. ஆனால் அந்தக் கண்! எறிகிறவனின் தோள் எந்தப் பக்கம் திரும்புகிறது என்பதை வைத்தே பந்து எங்கே வரும் என்று சொல்லிவிடுவார். ஓடுகிறவர்கள் நாலு பேரையும் ஒரே நேரத்தில் பார்ப்பார். ஜோன் என்பதே இந்த மாதிரி ஒருவருக்காகக் கண்டுபிடித்ததோ என்று தோன்றும்.

ஒருநாள் கேட்டேன். "ஆறு நாளு நின்னுட்டு, லீவு நாள்லயும் வந்து நிக்கறீங்களே அக்கா, வலிக்கலீங்களா?"

"வலிக்காம என்ன செய்யும்? ஆனா அங்க ஆறு நாளும் 'நாலாம் டேபிள், நாலாம் டேபிள்'னுதான கூப்புடுதாவ. இங்க வந்தாத்தான் ஜெசிந்தான்னு ஒரு ஆளு இருக்கது எனக்கே ஞாவகம் வருது."

சொல்லிவிட்டுச் சிரித்தார். நான் சிரிக்கவில்லை.

கொடுத்துட்டேன், வாங்கலை

ஜோனை ஆடத் தொடங்கியதும்தான் என் இரத்தக் கொதிப்பு தொடங்கியது.

ஒப்படைப்பதைப் புரியவைக்க ஓர் உதாரணம் சொன்னேன். தையல் லைனில் ஒரு மெஷின் முடித்த துணிக்கட்டை அடுத்த மெஷினுக்குத் தள்ளுகிறார்கள் அல்லவா, அப்படி ஆளைத் தள்ளுங்கள் என்றேன். அந்த உதாரணத்துக்காக இன்றுவரை என்னை நானே திட்டிக்கொள்கிறேன்.

ஒருவன் ராகேஷின் இடத்திலிருந்து மாஸ்டரின் இடத்தை உரசிக்கொண்டு போய் மிக நிதானமாகப் பந்தைப் பிடித்தான்.

"ராகேஷ், அவன் எப்படிடா போனான்?"

"பையா, உதர் கயா, அந்தப் பக்கம் போச்சு. நம்ம ஏரியா முடிஞ்சு. நம்ம குடுத்தாச்சு."

"மாஸ்டர்?"

"என் கைக்கு வந்து சேரலீங்களே. வந்திருந்தா நான் பாத்திருப்பனுங்க."

தையலைக் கேட்டால் கட்டிங்கைக் கை காட்டுவது, கட்டிங்கைக் கேட்டால் துணியைக் கை காட்டுவது. கம்பெனியில் ஆறு நாளும் நான் கேட்கிற பாட்டு. ஏழாவது நாளும் செம்மண்ணில் நின்று அதையே கேட்டேன்.

நாலு வாரம் தொடர்ந்து தோற்றோம். கோகுல் கத்துகிற ஆள் இல்லை. ஒருநாள் பைக்கில் சாய்ந்துகொண்டு மெதுவாகச் சொன்னார்:

"ஏனுங்க பிரவீன், தப்பா எடுத்துக்காதீங்க. வர்ற மேட்ச்லயும் அவங்க எறியற பாஸப் புடிக்க வுட்டுத் தோத்தமுன்னா, மறுக்கா ஆளுக்கு ஆளே நின்னுக்கலாமுங்க. அந்த ஜோன் நமக்கு ஒத்து வரலீங்க."

"ஆளுக்கு ஆள்னா ஜெசிந்தா அக்கா எப்படிங்க ஓடுவாங்க?"

அவர் கொஞ்சம் தயங்கினார். "சாம்பிள் ரூம் நந்தினி ஸ்கூல்ல ஓட்டப் பந்தயமெல்லாம் ஓடியிருக்குதாமுங்க."

கலப்பு அணியில் ஒரு பெண் இருந்தால் போதும் என்பது விதி. அந்த ஒருவர் யார் என்பதுதான் கேள்வி. பக்கத்தில் நாடாக்களைச் சுருட்டிக்கொண்டிருந்த ஜெசிந்தா அக்காவுக்கு எல்லாம் கேட்டிருக்கும். சுருட்டியதைப் பிரித்து மறுபடி முதலிலிருந்து சுருட்டினார்.

அந்த 'வர்ற மேட்ச்'தான் நான் ஆரம்பத்தில் சொன்னது. கிறிஸ்துமஸ் ஆர்டர் கப்பலேறி, கம்பெனியே கொஞ்சம் மூச்சு விட்ட ஒரு ஞாயிறு. எதிரே கோயம்புத்தூர்ப் பக்கத்துக் கல்லூரி அணி.

பேர் சொன்னால் எடுக்கணும்

பாதி ஆட்டம் முடிந்து வாழைப்பழம் உரித்துக்கொண்டிருந்தபோது எல்லோரையும் பிடித்து ஏறினேன்.

"ரெண்டு பேரு நின்னுக்கிட்டு, பந்தை என்ன பந்தி மாதிரி உபசாரமா பண்றீங்க?"

"அன்னைக்கே கேட்டனுங்களே, நடுவுல வுழுந்தா யாருதுன்னு" என்றார் மாஸ்டர்.

"முதலாளி ஊட்டுத் தம்பி முன்னாடி நான் எப்படிங்க தாவறது?" என்று அடுத்ததாக ஒன்றைப் போட்டார்.

"பெரியவரு இருக்கறப்ப நான் எப்படிங்க தாவறது?" என்றார் கோகுல்.

எனக்குப் பழம் தொண்டையில் சிக்கியது.

ஜெசிந்தா அக்காதான் முடித்துவைத்தார். "இங்க பாருங்க. நான் பின்னாடி நிக்கேன், எனக்கு எல்லாம் தெரியுது. யார் பேரச் சொல்லுதேனோ அவுங்க எடுக்கணும். மொதலாளி, மாஸ்டரு எல்லாம் கோட்டுக்கு வெளிய. ஏல ராகேசு, உனக்கும்தான். புரிஞ்சிச்சா?"

"புரிஞ்சு தீதி."

"தம்பி, உங்களுக்கும்தான்."

"எனக்கென்ன அக்கா? இதை வரைஞ்சதே நான்தானே" என்றேன்.

இரண்டாம் பாதியில் நடந்ததை நான் அதுவரை பார்த்ததில்லை. "வேலுச்சாமி!" என்று குரல் வரும், தொப்பையோடு மாஸ்டர் தாவிப் பந்தைத் தட்டிவிடுவார். "கோகுலு!" என்றால் கோகுல். "ராகேசு, ஒனக்கு வாரான், ஒனக்கு வாரான்!" என்றால் ராகேஷ் வந்தவனை அடுத்த ஆள் கண்ணால் வாங்கிக்கொள்ளும்வரை விடவில்லை. 'தம்பி', 'அண்ணே' எதுவும் கிடையாது. வெறும் பெயர்தான். முதலாளி மகனைப் பெயர் சொல்லி அழைத்ததற்கு அன்று வானம் ஒன்றும் இடிந்து விழவில்லை.

நாங்களும் ஆறு ஆறாக எடுத்தோம், ஆறுக்குப் பின் கிடைக்கிற கூடுதல் வாய்ப்பில் ஓர் ஒற்றைப் புள்ளியும் சேர்த்தோம். கடைசியில் ஒரே ஒரு புள்ளி முன்னால் இருந்தோம். அவர்களுக்கு மிச்சம் ஒரே ஓர் எறி.

கடைசி எறி

வெயில் ஏறிவிட்டது. செம்மண் சூடு ஷூவைத் தாண்டி வந்தது. நான் வலது பின்மூலையில் நிற்கிறேன். என் வட்டம். என் பச்சை மை.

அவர்களிடம் நீலத் தலைப்பட்டை கட்டிய ஒரு பெண் இருந்தாள். அன்று முழுக்க முக்கியமான பந்தெல்லாம் அவளுக்குத்தான் போனது. பந்து எறிகிறவன் கைக்குப் போனதும் அவள் என் முன்னால் குறுக்காக நடுமைதானத்தை நோக்கி ஓடினாள். பந்து அவளுக்குத்தான் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. எனக்குத்தான் எல்லாம் முன்கூட்டியே தெரிந்துவிடுமே.

பாய்ந்தேன்.

"பிரவீனு! மூலை! ஒங்க மூலை!"

கேட்டது. இதை எழுதும்போது பொய் சொல்ல விருப்பமில்லை; நன்றாகவே கேட்டது. இன்னும் மூன்று எட்டில் அவளைப் பிடித்துவிடுவேன், அப்புறம் திரும்பிக்கொள்ளலாம் என்று நினைத்தேன்.

பந்து அவளுக்குப் போகவில்லை. என் தலைக்கு மேலே போனது. கழுத்தைத் திருப்பிப் பார்த்தேன். அன்று ஒரு பந்தைக்கூடப் பிடிக்காத கனத்த பையன் ஒருவன், என் மூலையில் பஸ்ஸுக்குக் காத்திருப்பவன் போலத் தனியாக நின்றான். பந்து அவன் கையில் போய் உட்கார்ந்தது. அவனுக்கே நம்ப முடியவில்லை. கோட்டைப் பார்த்து ஓடத் தொடங்கினான்.

எதிர்மூலையிலிருந்து ஜெசிந்தா அக்கா ஓடிவந்தார். இடது காலை இழுத்து இழுத்து, அந்தக் காலோடு அவ்வளவு தூரம். எட்டி அவனுடைய பட்டையைப் பிடுங்கியும் விட்டார். கையில் நாடாவோடு விழுந்தார்.

அவன் கோட்டைத் தாண்டி ஓர் எட்டு வைத்திருந்தான்.

டிக்கெட்

கல்லூரிப் பிள்ளைகள் அவனைத் தூக்கிக்கொண்டு குதித்தார்கள். நாங்கள் ஜெசிந்தா அக்காவைச் சுற்றி நின்றோம். முட்டியில் செம்மண் ஒட்டியிருந்தது. தட்டிவிட்டுக்கொண்டே எழுந்தார். கோகுலைப் பார்க்காமல், கையிலிருந்த நாடாவைச் சுருட்ட ஆரம்பித்தார்.

நான் வாயைத் திறந்தேன். வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனாலும் எழுதுகிறேன். "முன்னாடி நின்னவங்க யாராவது குரல் குடுத்திருந்தா..." என்று ஆரம்பித்தேன்.

"இருங்க" என்றார் கோகுல்.

கம்பெனியில் ஒரு பழக்கம் உண்டு. பனியனில் குற்றம் வந்தால் யாரையும் திட்டுவதற்கு முன்னால், அந்தத் துணிக்கட்டில் கட்டியிருக்கிற டிக்கெட்டைப் பார்ப்பார்கள். யார் தைத்தது என்று அதில் இருக்கும்.

"மாஸ்டர், அந்தத் தாள எடுங்க."

மாஸ்டர் தன் பையிலிருந்து மார்க்கர் தாளை எடுத்துத் தரையில் விரித்தார். நாலு மூலையிலும் நாலு கோன் வைத்தார். எல்லோரும் குனிந்தோம். வலது பின்மூலை வட்டத்துக்குள், எழுத்துப் பிழை இல்லாமல், அழகான பச்சைக் கையெழுத்தில்: பிரவீன்.

எல்லோரும் மரியாதையாக வேறு பக்கம் பார்த்தார்கள். அந்தப் பார்வையிலும் ஓர் '-ங்க' இருந்தது.

ராகேஷ்தான் முதலில் சிரித்தான். "பையா, நீங்க குடுத்தாச்சா?"

ஜெசிந்தா அக்கா டிராக்பேன்ட் பையில் கையை விட்டார். மடங்கிப்போன ஸ்டிக்கர் அட்டை ஒன்று வந்தது. அதிலிருந்து ஒரு சிவப்பு அம்பை உரித்து, என் சட்டையில், சரியாக நெஞ்சுக்கு நடுவில் ஒட்டினார். கட்டை விரலால் ஒருமுறை அழுத்தியும் விட்டார்.

"ரிஜெக்ட்டா தீதி?"

"சே, இல்லல. ஆல்டருதான்." என்னைப் பார்த்துச் சொன்னார்: "தம்பி, எல்லாரையும் நில்லு நில்லுன்னு சொல்லுதிய. ஒங்களாலதான் ஒரு எடத்துல நிக்க முடியல."

எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. அவர் சொன்னது சரி என்பதால் வந்த கோபம்.

"கோகுல், நீங்க சொன்னபடி பாஸ் வுட்டுத்தானுங்க தோத்தோம்" என்றேன்.

கோகுல் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். "பாஸ் வுட்டோமுங்க. ஆனா ஜோன் எங்கீங்க தோத்துச்சு? ஜோன்ல ஆளு இல்லாமத்தானுங்க தோத்தோம்." பிறகு அக்காவிடம் திரும்பினார். "ஏனுங்க ஜெசிந்தா, அடுத்த வாரத்துக்கு நீங்களே போட்டுருங்க. யாரு எங்க நிக்கோணும்னு."

கோட்டுக்கு வெளியில் வந்த பிறகும் அவர் 'ஜெசிந்தா' என்றுதான் கூப்பிட்டார். அதைக் கவனித்தது நான் மட்டும் இல்லை.

அடுத்த ஞாயிறு கட்டிங் ரூமிலிருந்து புதிய தாள் வந்தது. நீல பால்பாயின்ட் பேனாவில் நாலு வட்டம். ஒன்றின் விளிம்பு இன்னொன்றின் மேல் ஏறியிருந்தது; மாஸ்டரிடம் கேட்டுத்தான் அப்படிப் போட்டாராம், நடுவில் இடம் வீணாகக் கூடாது என்று. பின்னால் இருந்த பெரிய வட்டத்தில் ஜெசிந்தா.

என் பெயரைத் தேடினேன். எந்த வட்டத்திலும் இல்லை.

"நான் எங்க அக்கா?"

"எறியுதவன நோக்கி நேரா ஓடுத வேலை ஒண்ணு இருக்காம்லா? நீங்க ஆட்டத்தப் பத்தி எழுதி வச்சிருக்க நோட்டுலதான் படிச்சேன். அதுக்கு எடம் கெடையாதாம். ஓடிக்கிட்டே இருக்கணுமாம்."

விரலால் தொட்டுக் காட்டினார். எறிகிறவன் நிற்கிற புள்ளிக்கு நேர் எதிரே, ஒரு சிவப்பு அம்பு ஸ்டிக்கர். அதுதான் நான். அதையும் கொஞ்சம் கோணலாக ஒட்டியிருந்தார்.